கோராத கோரி

ஆஸ்பத்திரியிலிருந்து இவரைக் கூட்டி வந்தபோது இவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. அது என் பேரும் இல்லை, பெற்ற மகள் பேரும் இல்லை. "கீழ." அவ்வளவுதான். வலது கை, வலது கால், இத்தனை வருஷம் என்னோடு மல்லுக்கட்டிய பேச்சு எல்லாவற்றையும் மூளையில் அடைத்த ஒரு துளி ரத்தக்கட்டி வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. போகிற போக்கில் இந்த ஒன்றை மட்டும் மறந்து விட்டுப் போயிருக்கிறது.

விட்டதுதான் விட்டது, உருப்படியாக ஒரு சொல்லை விட்டிருக்கக்கூடாதா? "தண்ணி" என்று விட்டிருந்தால் தண்ணியாவது கொடுத்திருப்பேன். "கீழ"யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். சிலருக்கு இப்படி ஒரு சொல் நாக்கில் ஒட்டிக்கொள்ளுமாம். அதற்கு அர்த்தம் இருந்தாலும் இருக்கலாம், வெறும் வாய்ப்பழக்கமாகவும் இருக்கலாம். இவர் தலையை ஆட்டுவதைக்கூட ஆமாம் என்றோ இல்லை என்றோ இப்போதைக்கு நம்ப வேண்டாம் என்றாள். அவள் சொன்ன பத்தில் "வெறும் வாய்ப்பழக்கம்" என்ற ஒன்றை மட்டும் என் மகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் காற்றில் போயிற்று.

நான் விடவில்லை. கீழே ஏதோ விழுந்துவிட்டதாக்கும் என்று கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினேன். ஒரு பழைய செருப்பும் பேனா மூடியும் கிடைத்தன. தலையணை உயரமோ என்று ஒன்றை உருவினேன். கட்டிலே உயரமோ என்று அதன் காலடியில் வைத்திருந்த கட்டைகளை எடுத்தேன். கடைசியில், கீழே இருக்கிற கடையைத்தான் சொல்கிறாரோ என்று தோன்றி, "கடைக்குப் போகணுமா?" என்று காதருகே குனிந்து கேட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இது கோபம். வாய் போனாலும் கோபம் போகவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

எங்கள் வீடு மாடியில். கீழே கடை. மீன் கடை என்றால் சமையலுக்கு மீன் கேட்டுப் பையோடு வந்து நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது அழகுக்கு வளர்க்கிற தொட்டி மீன் கடை. சுவரோடு சுவராக இரும்புச் சட்டங்களில் கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் குமிழி விடுகிற குழாய், அதன் ஓயாத முணுமுணுப்பு. கல்லாவும் வலையும் மீனைப் பிடித்துப் பையில் கட்டுகிறதும் என் வேலை. தீனி மட்டும் இவருடையது. அதில் யாரையும் அண்ட விடமாட்டார். என்னையும்தான்.

எல்லா மீனையும் வைத்து வியாபாரம் செய்தாலும் இவர் உயிர் மூலையில் இருந்த ஒரு தொட்டியில்தான் கிடந்தது. வாசலிலிருந்து பார்த்தால் மேலேயும் நடுவிலும் நீந்துகிற நாலைந்து மீன் மட்டும்தான் தெரியும். உட்கார்ந்து பார்த்தால் மணலோடு மணலாக அசையும். கட்டை விரல் நீளம்கூட வராத குட்டிக் கெளுத்தி. உடம்பின் இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்த மாதிரி எலும்புத் தகடு, வாயைச் சுற்றி மீசை. மணலில் முகத்தைப் புதைத்துத் தேடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒன்று விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, ஏதோ தப்பு செய்த மாதிரி அவசரமாகக் கீழே வந்து கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறந்த இடம் எங்கேயோ வெயில் காட்டு ஓடை. ஆனால் எங்கள் தொட்டியில் இருந்ததெல்லாம் இவர் முட்டையிலிருந்து பொரிக்க வைத்து வளர்த்தவை.

தொழிலில் அதற்குக் கோரி என்று பேர். இவருக்கு அந்தப் பேரே வேடிக்கை. மற்ற மீனெல்லாம் ஆள் வந்தால் கண்ணாடியில் வந்து முட்டிக்கொண்டு தீனி கேட்கும், எதையுமே கோராத இந்த ஒன்றுக்குப் போய்க் கோரி என்று பேர் வைத்திருக்கிறான் பார் என்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றபடியே மிச்சம் மீதியை வாயில் போட்டுக்கொள்கிற என்னையும் "வீட்டுக் கோரி" என்று கேலி செய்வார். நான் கோரவில்லையா? புது மிக்ஸி கோரி எத்தனை மாசம் ஆயிற்று என்று நானும் திருப்பிக் கொடுப்பேன்.

ஊர் உலகத்தில் எல்லாக் கடையிலும் இந்த மீனைக் "கிளீனர்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று. அந்தச் சொல்லைக் கேட்டால் இவருக்கு எங்கிருந்துதான் வருமோ கோபம். ஒருமுறை ஒரு மனுஷர் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, "இதுக்குத் தீனி வேண்டாம்ல, மிச்சத்தைத் தின்னுக்கும்ல?" என்று கேட்டுத் தொலைத்தார். இவர் பின்னாலேயே போய்ப் பையை அவர் கையிலிருந்து வாங்கி, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நீங்கள் மீன் விற்கிறீர்களா, பெண் கொடுக்கிறீர்களா என்று அன்றைக்கு நான் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன்.

இவர் தீனி போடுகிறது ஒரு கணக்கு. முதலில் மிதக்கிற தூள். அது மேலே நீந்துகிறவைக்கு. அப்புறம் மெதுவாக இறங்குகிற குருணை, நடுவில் திரிகிறவைக்கு. மேலே இருக்கிறவையின் வயிறு நிறைந்த பிறகுதான் அடியில் போய் உட்காருகிற மாத்திரைத் தீனி. முன்னாடியே போட்டால் மேலே இருக்கிறவை பாதி வழியிலேயே மறித்துத் தின்றுவிடும். தூளும் குருணையும் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன. மாத்திரை மட்டும் ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவில். ஈரத்தில் மூடி இறுகிக்கொள்ளும். கரண்டிக் காம்பால் நெம்பித் திறக்கும்போது "டங்" என்று ஒரு சத்தம் மாடிப்படி ஏறி அடுப்படிக்கே வரும். அந்தச் சத்தம் கேட்டால் நான் தட்டை எடுத்து வைப்பேன். அது கேட்காமல் இவர் ஒரு நாளும் சாப்பிட மேலே வந்ததில்லை.

இப்போது காலையில் இவர் தம்பி வந்து கடையைத் திறக்கிறார். மின்சார வேலை பார்க்கிறவர், தங்கமான குணம், ஆனால் எதையும் பாதி கேட்டதும் "புரிஞ்சிடுச்சு அண்ணி" என்று கிளம்பிவிடுகிற ஆள். அவர் தீனி போட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார், சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் வியாபாரம் பார்ப்பார். இவர் விழுந்ததிலிருந்து நான் கடைக்குள் காலே வைக்கவில்லை. படியிறங்கினால்கூட மருந்துக் கடைக்குத்தான், போன வேகத்தில் திரும்பி வந்துவிடுவேன்.

ஏனென்றால் இவர் சாப்பிடவில்லை. சோற்றைக் குழைய வேக வைத்து, மசித்து, ஆற வைத்துக் கரண்டியில் கொண்டுபோனால், "கீழ" என்பார். வாயை மூடிக்கொள்வார். கெஞ்சுவேன், திட்டுவேன், பிறந்த குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஆ சொல்லிக் காட்டுவேன். சில சமயம் களைத்துப் போய் இரண்டு வாய் வாங்குவார், அவ்வளவுதான். தொண்டையில் கோளாறு இல்லை, விழுங்க முடிகிறது என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். அப்புறம் ஏன் என்றால் அவருக்கும் தெரியவில்லை.

மகள் வேறு ஊரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். வேலைக்கும் போய்க்கொண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு அவள் படுகிற பாடு எனக்குத் தெரியும், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் இப்படிப் பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறார்களாம். ஒரு பெட் காலியாகி இருக்கிறது, இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றாள். அங்கே மூக்கில் குழாய் வைத்தாவது சாப்பாடு போகும். கடையைச் சித்தப்பாவே யாருக்காவது விற்றுக் கொடுத்துவிடட்டும், நான் அவளோடு போய் இருந்து வாரத்துக்கு ஒருமுறை இவரைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள்.

"அவருக்கு என்னைத் தெரியுது" என்றேன்.

"அம்மா, அவருக்கு நம்ம யாரையுமே தெரியலம்மா. தெரிஞ்சிருந்தா நீ ஊட்டறப்ப வாயை மூடிப்பாரா?"

அவள் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். வளையல் சரசரவென்று முழங்கை வரை போயிற்று. உன்னையும் சேர்த்துத்தான் பயமாக இருக்கிறது என்றாள். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறேன் என்று கையை உருவிக்கொண்டேன். இவர் தின்னாமல் வைத்ததைத் தின்கிறதுதான் என் சாப்பாடு. இவரோ எதையுமே தின்னவில்லை, அப்படிப் பார்த்தால் நான் பெருத்துப் போயிருக்க வேண்டும். தொண்டையில் இறங்கினால்தானே. தொளதொள நைட்டிக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

எனக்குப் பயம் குழாயைப் பற்றி இல்லை. இவர் உள்ளே இருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும், நிரூபிக்க வழியில்லை. அங்கே கொண்டுபோய் விட்டால் யாரும் தெரிந்துகொள்ள முயற்சிகூடச் செய்ய மாட்டார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு நாள் அதையும் நிறுத்திவிடுவார். எனக்குப் பயம் அதுதான்.

அன்றைக்கும் காலையில் வாயை மூடிக்கொண்டார். மகள் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, நீ கொஞ்ச நேரம் கீழே போய்க் காற்று வாங்கிவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விரட்டினாள். நான் அழப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடையில் இவர் தம்பி தீனி போட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் மூலைத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். கூட்டம் சிறுத்துத் தெரிந்தது. கேட்டதற்கு, ரெண்டு மூணு போய்விட்டது, தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார். மிச்சம் இருந்தவை பார்க்க நன்றாகத்தான் இருந்தன. தகடெல்லாம் மினுமினுவென்று இருந்தது. ஆனால் இந்த மீனை மேலே பார்த்து நம்பக்கூடாது என்று இவர் ஓயாமல் சொல்வார். தகடு உடம்பைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும், உள்ளே காய்ந்து போனாலும் வெளியே காட்டாது, அடியிலிருந்து வயிற்றைப் பார்க்க வேண்டும். குந்தி உட்கார்ந்து, இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தேன். ஒன்று காற்றுக் குடிக்க எழும்பியது. அதன் வயிறு ஒட்டி உள்ளே போயிருந்தது. அடுத்தது எழும்பியது. அதற்கும் அப்படியே.

"இதுங்களுக்கு என்ன போடறீங்க தம்பி?"

"அதுங்களுக்கு எதுக்கு அண்ணி தீனி? கிளீனர் மீன்தானே. மேல போட்டது, நடுவுல போட்டது போக, கீழ கெடக்கறதைத் தின்னுக்கும்."

மேல, நடுவுல, கீழ. காலை தவறாமல் இவர் தொட்டி தொட்டியாக நகர்ந்துகொண்டே தனக்குத் தானே முனகுகிற வார்த்தைகள். மேல போட்டாச்சு, நடுவுல போட்டாச்சு, கீழ போட்டாச்சு. அடுப்படியில் அடுப்புச் சத்தத்தோடும் குழாய்ச் சத்தத்தோடும் கலந்து என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாகக் கேட்டுப் பழகிய காதில் கடைசிச் சொல் மட்டும் தனியாக வந்து விழுந்தபோது எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டு காலையில் பிளாஸ்டிக் டப்பாக்களின் சத்தத்தை இவர் கேட்டிருக்கிறார். மூன்றாவது சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறார். அது வரவில்லை. நான் சோற்றைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன்.

தகர டப்பா மேல் தட்டில் இருந்தது. மூடியில் தூசி படிந்திருந்தது. அதைத் தொடக்கூட நினைப்பில்லாமல் மூச்சிரைக்கப் படியேறி ஓடி மகளிடம் சொன்னேன். பாதி சொன்னேன், பாதி உளறினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது. அம்மாவுக்கும் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆனாலும் என் மனசுக்காக அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கீழ போட்டாச்சுப்பா. மீனெல்லாம் சாப்பிட்டுடுச்சு. நீங்க சாப்பிடுங்க."

கரண்டியைக் கொண்டுபோனாள். இவர் அவளைப் பார்த்தார். வாய் இறுக மூடியிருந்தது. "பார்த்தியாம்மா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். "போடாமயே போட்டாச்சுன்னு சொன்னா எப்படிடீ வாயைத் திறப்பாரு? உங்கப்பாவை என்னன்னு நினைச்சே? கரண்டியை அப்படியே புடிச்சிக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு மறுபடி படியிறங்கினேன்.

டப்பாவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். மூடி இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினால் வழுக்குகிறது. இவர் தம்பி நான் திறக்கிறேன் அண்ணி என்று வந்தார், கிட்டே வராதீர்கள் என்று சீறினேன். பாவம், அவர் என்ன கண்டார். மறுபடி நெம்பினேன். "டங்" என்று திறந்துகொண்டது. அந்தச் சத்தம் படியேறிப் போகிறதை நான் நின்று கேட்டேன்.

மாத்திரைகளை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். நேராக இறங்கி மணலில் உட்கார்ந்தன. முதலில் ஒன்றும் நகரவில்லை. எத்தனை நாள் காத்திருந்து ஏமாந்திருக்கும், நம்பிக்கை வரவில்லை போலும். அப்புறம் ஒன்று மீசையால் தடவிப் பார்த்தது. அடுத்த நொடி எல்லாம் வந்து மொய்த்தன. ஒன்றின் தலையில் ஒன்று ஏறி, தகட்டோடு தகடு உரச, வாலை ஆட்டிக்கொண்டு தின்றன. கீழ போட்டாச்சு என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

மாடிப்படியின் உச்சியிலிருந்து மகள் குரல் வந்தது. கத்தவில்லை. குரல் உடைந்து பாதிதான் வந்தது.

"அம்மா. வாயைத் திறந்துட்டாரும்மா."

நான் மேலே போனபோது அவள் ஊட்டிக்கொண்டிருந்தாள். இவர் மென்றார், விழுங்கினார், அடுத்ததற்கு வாயைத் திறந்தார். அவசரம் இல்லை, அடமும் இல்லை. வேலையை முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த மனுஷர் எப்படிச் சாப்பிடுவாரோ அப்படிச் சாப்பிட்டார். சத்தம் கேட்டதும் கண் படிப்பக்கம் போனதாம், ஒரு பெருமூச்சு விட்டாராம், இவள் கரண்டியை அசைக்கவே இல்லையாம், இவரே தலையைத் தூக்கி வாங்கிக்கொண்டாராம். அவளுக்குச் சொல்லி மாளவில்லை. நடுவில் அவள் போன் அடித்தது. எடுத்துப் பேசினாள். அந்தப் படுக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எங்கள் அப்பா வீட்டிலேயே இருக்கட்டும் என்றாள். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

கட்டிலை ஒட்டி, எப்போதும் உட்காருகிற இடத்திலேயே, தரையில் உட்கார்ந்தேன். போன மீன்கள் போனவைதான். இவர் வலது கையும் வரப்போவதில்லை. பேச்சும் இந்த அளவில் நின்றாலும் நிற்கும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அதெல்லாம் இருக்கட்டும். இவர் உள்ளேதான் இருக்கிறார். எனக்கு அது போதும் என்று முந்தானை இல்லாத நைட்டியின் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கிண்ணத்தில் பாதி இருக்கும்போது இவர் வாயை மூடிக்கொண்டார். மகள் கரண்டியை நீட்டினாள். இடது கையைத் தூக்கி அதைத் தள்ளினார். "கீழ" என்றார்.

"போட்டாச்சே. இப்பத்தானே போட்டேன். சத்தம் கேட்டீங்களே" என்றேன். இவர் தலையை ஆட்டவில்லை. இடது கை மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. கரண்டியோடு சேர்த்து அதைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம் இறக்கி, என் முகத்துக்கு நேரே நிறுத்தியது.

"கீழ."

மகள் இவரைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். "உனக்குப் போட்டாச்சான்னு கேக்கறாரும்மா" என்றாள்.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போடாமல் போட்டாச்சு என்று சொன்னால் இந்த மனுஷரிடம் செல்லாது. நான் வாயைத் திறந்தேன்.